வான் பாயும் நாள்களில் பாலியாறு

மாங்குளத்திலிருந்து வெள்ளாங்குளத்துக்குப் போகும் வீதியில் மல்லாவியைத் தாண்டாமல் போக முடியாது. மார்கழி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒரே பேச்சுத்தான்: வவுனிக்குளம் வான் பாயுது, சனமெல்லாம் அங்கேதான் நிக்குது. பாலியாறு கடலில் சேருகிற இடத்தைப் பார்க்கப் புறப்பட்டிருந்த எனக்கு, அந்த ஆற்றை மறித்த இடத்தை முதலில் பார்ப்பதே முறை என்று பட்டது. ஓட்டோவைப் பாலிநகர்ப் பக்கம் விடச் சொன்னேன்.

வன்னியில் குளம் வான் பாய்வது திருவிழா. கச்சான் வண்டிக்காரர்கூட வந்து நின்றார். வான்கட்டுக்குக் கீழே பெடியங்கள் அத்தாங்கும் வீச்சுவலையுமாக இறங்கியிருந்தார்கள். ஒருவன் நுளம்பு வலையை இரண்டு தடியில் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் கூட்டத்தை விட்டு ஓரமாகப் போய், கொட்டுகிற தண்ணீர் சீமெந்தைத் தொடும் மூலையில் குந்தினேன். முழங்கால் ஆழக் குட்டை, மேலே நுரை. நுரைக்குள்ளிருந்து விரல் நீளக் கெண்டைகள் துள்ளின. நடுவில் ஒன்றும் முயலவில்லை, அங்கே வேகம் அதிகம். பாசி பிடித்த ஓரத்தில், தண்ணீர் மெல்லிய படலமாக வழுக்கி வருகிற கையகலத்தில்தான் அத்தனையும் ஏறப் பார்த்தன. ஒன்று அரை அடி ஏறும், வால் ஈரம் குறைந்த சீமெந்தில் அடிபடும், உடல் வளையும், குட்டைக்குள் விழும். அதே மீன்தானா மறுபடி வருகிறது, வேறொன்றா, சொல்ல முடியவில்லை. ஒன்றுகூட மேலே போய்ச் சேர்ந்ததை நான் காணவில்லை. பக்கத்தில் வாளியோடு நின்ற சிறுவனுக்கு அதில் வியப்பே இல்லை. "உதுகள் ஒவ்வொரு வருசமும் இப்பிடித்தான் அண்ணை. கீழ நிண்டு அள்ளினாச் சரி" என்றான்.

உலகத்தின் பல இடங்களில் இப்போது அணைகளை உடைக்கிறார்கள். அமெரிக்காவில் கிளாமத் ஆற்றின் நான்கு அணைகளை இடித்து முடித்தது 2024இல். இடித்த சில வாரங்களுக்குள் சாமன் மீன்கள் பழைய அணைகளுக்கு மேலே காணப்பட்டன. எனக்கு அதைவிட நெருக்கமாகத் தோன்றுவது ஜப்பானின் குமமோட்டோ மாநிலத்தில் குமா ஆற்றின் அராசே அணை. 1955இல் மின்சாரத்துக்காகக் கட்டியது, 25 மீட்டர் உயரம். நீர் உரிமை 2010இல் முடிந்தது. 2012இல் உடைக்கத் தொடங்கி 2018இல் முடித்தார்கள். அணை போனபின் மணல் மறுபடி கீழே இறங்கியது, முகத்துவாரத்தின் சேற்று வெளி மாறத் தொடங்கியது. ஆற்றுக்காகத் தொடங்கிய காரியம் கடல் விளிம்புவரை போய்ச் சேர்ந்தது என்பதுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. பாலியாறும் சேற்று வெளியில் முடிகிற ஆறு.

ஆனால் வவுனிக்குளக் கட்டில் நின்றுகொண்டு அராசேயைப் பற்றிப் பேசினால் யாராவது வாய்க்காலில் தள்ளிவிடுவார்கள். தள்ளுவதும் நியாயம். இது பழைய குளம். ஹென்றி பார்க்கர் 1909இல் வெளிவந்த தன் 'பண்டைய இலங்கை' நூலில் இதன் தொன்மையை ஆராய்ந்திருக்கிறார். நெடுங்காலம் காடு மூடிக் கிடந்து, போன நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருத்தப்பட்டு, சுற்றிவரக் குடியேற்றங்கள் வந்தன. துருசு திறந்தால்தான் மல்லாவி, பாண்டியன்குளம் பக்கத்து வயல்களுக்குக் காலபோகமும் சிறுபோகமும். இதை உடைக்கச் சொல்பவன் ஆற்றையும் அறியான், ஊரையும் அறியான். குமா ஆற்றில் அணையோடு போனது மின்சாரம், அதை வேறெங்கிருந்தாவது கொண்டுவரலாம். இங்கே போவது சோறு.

அதற்காக மீனின் கணக்கு இல்லாமல் போய்விடாது. பாலியாறு போன்ற வறண்ட வலயத்து ஆறுகளில் பயணம் செய்யும் உயிர்கள் பலவகை. விலாங்கு கடலில் பிறந்து, கண்ணாடிபோன்ற குஞ்சாக ஆற்றுக்குள் ஏறி, நன்னீரில் பல ஆண்டு வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும். பெரிய நன்னீர் இறால் அதற்கு மறுதலை: வளர்வதும் சினைப்படுவதும் ஆற்றில், ஆனால் குஞ்சு பிழைக்க உவர்நீர் வேண்டும், எனவே சினை இறால் வெள்ளத்தோடு கீழே இறங்க வேண்டும், குஞ்சு மேலே ஏற வேண்டும். மணலையும் பால்மீனும் கடலில் முட்டையிட்டு, குஞ்சுகளைக் களப்புக்கும் கழிமுகத்துக்கும் அனுப்புகின்றன. கொடுவா இன்னும் வேடிக்கை. வாழ்வின் முற்பாதியில் ஆண், பிற்பாதியில் பெண். இவற்றோடு, வெள்ளம் வந்ததும் மேல்நீரில் முட்டையிடப் போகிற விராலும் கெண்டையும். வருடம் முழுவதும் ஓடுகிற ஆற்றில் ஒரு மீன் இன்று தவறவிட்டதை அடுத்த மாதம் பிடிக்கலாம். பாலியாற்றில் அந்தச் சலுகை இல்லை. வடகீழ்ப் பருவ மழையின் சில வாரங்கள்தான் மேலிருந்து கடல்வரை ஒரே நீராக இருக்கும். கோடையில் ஆறு மணலும் மடுவுமாகப் பிரிந்துவிடும். கதவு திறந்திருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் அந்தக் கெண்டைகள் பாசியில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தன.

மீன் ஏறாவிட்டால் என்ன, குளத்தில் மீன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்தது. வன்னியில் 'யப்பான் மீன்' என்றால்தான் சந்தையில் புரியும். குளத்துக்குள்ளேயே பெருகுகிற மீன் அது, ஆற்று வழியைக் கேட்பதில்லை. கெண்டை இனங்களின் குஞ்சையும் நன்னீர் இறால் குஞ்சையும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, அதாவது எல்லோரும் சொல்கிற 'நெக்டா', வன்னிக் குளங்களில் விடுகிறது. இறால் நல்ல விலைக்குப் போகிறது, குளத்து மீனவருக்கு அது உண்மையான வருமானம். ஆனால் விட்ட இறால் பிடித்து முடிந்ததும் முடிந்ததுதான். மறுபடி பொரிப்பகத்திலிருந்து கொண்டுவர வேண்டும். கடலோடு தொடர்பு அறுந்த குளத்தில் அது தானாகப் பெருகாது. மூடிய பாதைக்கு நாங்கள் ஆண்டுதோறும் கட்டும் வாடகை இது என்று எனக்குத் தோன்றுகிறது, கட்டுகிறோம் என்பது தெரியாமலே கட்டுகிறோம்.

மறுபடி வெள்ளாங்குள வீதிக்கு வந்தபோது கண் வேறு எதையும் பார்க்க மறுத்தது. காட்டோடை ஒவ்வொன்றும் வீதியைக் கடக்கிற இடத்தில் நின்று குனிந்து பார்த்தேன். ஓட்டோக்காரத் தம்பி முதலில் பொறுமையாக இருந்தான், பிறகு கேட்டே விட்டான்: "அண்ணை, ஏதும் விழுந்திட்டுதோ?" பெரிய அணையை விட இந்தச் சின்னத் தடைகள்தான் கெட்டவை. ஓரிடத்தில் வீதிக்குக் கீழே சீமெந்துக் குழாய்கள். கட்டும்போது தரையோடு தரையாக இருந்திருக்கும். வெள்ளம் கீழ்ப்பக்கத்தை அரித்து அரித்து, இப்போது குழாயின் வாய் மூன்றடி உயரத்தில் தொங்குகிறது, தண்ணீர் அருவியாக விழுகிறது. இன்னோரிடத்தில் பாழாய்ப்போன சிறிய மறிப்புக் கட்டு. அதற்குக் கீழே வயலே இல்லை, பற்றைக் காடு. தண்ணீர் கேட்கிற கமக்காரனும் இல்லை, பராமரிக்கிற திணைக்களமும் இல்லை, ஆனால் மீனை மட்டும் மறித்துக்கொண்டு நிற்கிறது. ஐரோப்பிய ஆறுகளில் இப்படிப்பட்ட தடைகள் குறைந்தது 12 லட்சம் இருக்கும் என்று 'ஆம்பர்' என்ற ஆய்வுத் திட்டம் மதிப்பிட்டது. பெரும்பாலானவை இரண்டு மீட்டர் உயரம்கூட இல்லாதவை. அங்கே ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் உடைப்பதும் இத்தகைய கேட்பாரற்ற கட்டுகளைத்தான். உடைப்பு என்றதும் டைனமைற்றை நினைக்க வேண்டியதில்லை. ஒரு பெக்கோ இயந்திரமும் ஒரு பகல் வேலையும் போதும். பாலியாற்றுப் படுகையில் எது நெல்லுக்கு உழைக்கிறது, எது சும்மா நிற்கிறது என்று ஒரு பட்டியல் போடுவதுதான் முதல் வேலை. சும்மா நிற்பதை உடைக்கலாம், எந்தக் கமக்காரரும் மறிக்க மாட்டார்.

தமிழருக்கு இந்தக் கதை புதிதும் அல்ல. கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய அணைகளால் கடலிலிருந்து ஏறி வரும் உல்லம் மீன் தடுக்கப்பட்டதைப் பிரான்சிஸ் டே என்ற மீனியலாளர் கவனித்திருந்தார். இந்தியாவின் நன்னீர் மீன்களைப் பற்றி 1873இல் அவர் கொடுத்த அறிக்கையில் அணைகளில் மீன்வழி வைக்கும்படி வற்புறுத்தினார். 1934இல் மேட்டூர் அணை வந்தபின் காவிரியில் உல்லம் தேய்ந்தே போனது. கங்கையில் 1975இல் ஃபரக்கா அணை, அங்கும் அதே மீனுக்கு அதே கதி. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எச்சரிக்கை எழுத்தில் இருந்தது, அதை எழுதியவர் அதிகாரத்தில் இருந்த அரசாங்கத்தின் ஆள்தான்.

வெள்ளாங்குளம் சந்தி சிறிது. வடக்கே முழங்காவிலும் பூநகரியும், தெற்கே இலுப்பைக்கடவையும் மன்னாரும். 2008இல் போர் இந்த வீதி வழியாக வடக்கே ஏறியபோது ஊர் முழுவதும் மூட்டை கட்டியது. பிறகு திரும்பி வந்து வீடு கட்டினார்கள், வேலி கட்டினார்கள், கோழி வளர்த்தார்கள். அதைப்பற்றி எழுத இது இடமல்ல. இரவு தங்கிய வீட்டில் ஆற்றுக் கதை கேட்டேன், அவர்கள் யானைக் கதை சொன்னார்கள்.

சந்திக்குத் தெற்கே சிறிது தூரத்தில் ஏ32 வீதி பாலியாற்றைக் கடக்கிறது. பாலத்தில் நின்றால் ஆறு செம்மண் நிறத்தில் கலங்கி, இரு கரையும் மருத மரங்களைத் தொட்டு, அவசரமில்லாமல் போகிறது. இந்த ஆற்றிலிருந்து வடக்குக்குக் குடிநீர் எடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. 2024 வரவு செலவுத் திட்டத்தில் அதன் ஆரம்ப வேலைக்குப் பணம் ஒதுக்கியதாக அறிவித்தார்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் நிலை தெரிந்தவர் இதை எதிர்க்க மாட்டார், நானும் எதிர்க்கவில்லை. ஆனால் உலகம் பழைய அணைகளை உடைத்துப் பெறுகிற மீன் பாதையை, இந்தத் திட்டத்துக்காக இன்னும் கட்டாத அணையில் வரைபடத்திலேயே பெற்றுக்கொள்ள முடியும். கட்டி ஐம்பது வருடம் கழித்து வழி வெட்டுவதை விட இது எவ்வளவோ மலிவு.

மறுநாள் காலை பஸ்ஸில் விடத்தல்தீவுக்குப் போனேன். ஆற்றின் மறு பாதி அங்கேதான் இருக்கிறது என்று சொல்லலாம், மழைநீர் சேறாகவும் உப்பாகவும் மாறுகிற இடம். கண்டல், சேற்று வெளி, கடற்புல், இடையில் ஓடைகள். 2016இல் 29,180 ஹெக்டேயரை இயற்கை ஒதுக்கமாக அறிவித்தார்கள். 2024 மே மாதத்தில் அதிலிருந்து 168 ஹெக்டேயரை நீருயிரின வளர்ப்புப் பூங்காவுக்காக விடுவிக்கும் வர்த்தமானி வந்தது. சுற்றாடல் அமைப்புகள் வழக்குப் போட்டன, அந்த ஆண்டே உயர் நீதிமன்றம் வர்த்தமானியை நிறுத்தி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. 168 என்பது 29,180இல் ஒரு துளி என்று வாதிட்டவர்கள் உண்டு. இறால் பண்ணை என்பது நிலத்தின் பரப்பு மட்டும் அல்ல. பண்ணை என்றால் கட்டு. ஓடையின் வாயில் ஒரு கட்டு விழுந்தால் அதற்கு உள்ளே உள்ள அத்தனைக்கும் வற்றுப்பெருக்கு நின்றுவிடும்.

இதற்குச் சாட்சி தேட வெளிநாடு போக வேண்டாம், சிலாபத்துக்கு வடக்கே ஆனைவிழுந்தான் போதும். பழைய குளத்தொடரும் கண்டலும் ஒட்டியிருக்கும் சரணாலயம், 2001இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. புத்தளம் கரையில் இறால் பண்ணை மோகம் ஏறிய காலத்தில் அதன் கண்டலிலும் குட்டைகள் வெட்டினார்கள். 1990களில் வெண்புள்ளி நோய் வந்தது, முதல் போட்டவர்கள் போய்விட்டார்கள், கட்டுகள் மட்டும் நின்றன. உள்ளே தேங்கிய நீர் வெயிலில் உப்பேறி, கண்டல் விதை விழுந்தாலும் முளைக்காத நிலமாயிற்று. வனசீவராசிகள் திணைக்களமும், வயம்ப பல்கலைக்கழகத்தில் செவ்வந்தி ஜயகொடி போன்றோரும் அங்கே செய்த காரியத்தில் மரம் நடுவது முதல் வேலையாக இல்லை. கட்டுகளை வெட்டித் திறந்தார்கள், பழைய ஓடைகளைத் தேடி நீரை விட்டார்கள். நீர் வந்து போகத் தொடங்கியபின் கண்டலுக்கு நிலம் தயாரானது. நட்டுவிட்டால் போதும் என்று நம்பியவர்களுக்கு ஒரு கணக்கு: சுனாமிக்குப் பின் இலங்கைக் கரையில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர்வரை நட்ட கண்டலில், 200 ஹெக்டேயரை ஒட்டித்தான் பிழைத்தது என்று 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. இலங்கையின் கண்டல் மீட்பை ஐக்கிய நாடுகள் 2024இல் உலக முன்னோடி மீட்புப் பணிகளில் ஒன்றாக அறிவித்தது. அதே ஆண்டு மன்னாரில் புதுக் கட்டுக்கு வர்த்தமானி! ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஒரு கரையில் மண்வெட்டி கட்டைத் திறக்கிறது, மறு கரையில் பேனை கட்டைப் போடுகிறது.

திரும்பும் வழியில் தேவன்பிட்டியில் இறங்கிக் கரைக்கு நடந்தேன். வாடிக்குள் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவருக்கு ஆற்றுத் தடைகளைப் பற்றிப் பேச்செடுத்ததும் சிரிப்பு வந்தது. "தம்பி, எங்களுக்குத் தடை எண்டால் அது இழுவைப் படகுதான். ராவில வந்து வலையையும் அள்ளிக்கொண்டு போறான். நீங்கள் மதகைப் பற்றிக் கேக்கிறியள்." சரிதான். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது, கடலுக்கு அந்தச் சட்டம் இன்னும் முழுதாக எட்டவில்லை. மீனவரின் துன்பப் பட்டியலில் பாலியாறு முதல் பக்கத்தில் இல்லை. ஆனால் பேச்சை விட்டுவிடவும் இல்லை அவர். வெள்ளம் கடலுக்கு வந்து கலங்கின நாள்களில் களங்கட்டியில் இறால் படும், மழை பொய்த்த வருசம் படாது, அதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துவருவதாகச் சொன்னார். குளத்தில் தண்ணீரை மறித்து வைத்தால் இங்கே படுவது குறையுமா என்றேன். "குறையாமல்? ஆனால் எங்களிட்ட ஆர் கேட்டவை?"

அந்தக் கேள்வியில்தான் விசயம் இருக்கிறது. காலபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். எந்தத் திகதியில் துருசு திறப்பது, எவ்வளவு விதைப்பது என்பதெல்லாம் அங்கே கமக்காரரும் அதிகாரிகளும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். நல்ல ஏற்பாடு, பழைய ஏற்பாடு. ஆனால் ஆற்றின் முடிவில் இருக்கிறவருக்கு அந்தக் கூட்டத்தில் கதிரை இல்லை. குளம் நிறைந்து வான் பாய்ந்தால் கடலுக்கு நீர், பாயாவிட்டால் இல்லை.

வயலையும் மீனையும் சேர்த்துப் பார்த்த இடமும் உண்டு. லாவோசில் மேகொங் ஆற்றோரம் பாக் பெங் என்ற இடத்தில், நெல்லுக்காக வைத்த ஒழுங்காக்கிக் கதவுக்குப் பக்கத்தில், ஆஸ்திரேலிய ஆய்வாளர் லீ பாம்கார்ட்னரின் குழு மீன்வழி அமைத்திருக்கிறது. வயலுக்கான நீரைக் குறைக்கவில்லை. சீமெந்துக் கூம்புகளை வரிசையாக நட்டு, படிப்படியாகக் குட்டைகள், ஒவ்வொரு குட்டைக்கும் இடையில் சிறு இறக்கம், சிறு மீனும் ஏறலாம். வெளியுலக அனுபவங்களில் எங்களுக்குப் பொருந்துவது இதுதான். அராசேயும் கிளாமத்தும் அல்ல. வவுனிக்குளம் போன்ற உயரமான கட்டுக்கு இது அப்படியே பொருந்தாது, உயரம் கூடக் கூட வழியின் நீளமும் செலவும் ஏறும். அங்கே மழை வாரங்களில் கொஞ்ச நீரை வேண்டுமென்றே விடுவதும், வான்கட்டின் ஓரத்தை வழுக்கலாக விடாமல் கல் பதித்துக் கரடாக்குவதும்தான் முடியும். கீழே உள்ள சிறு மறிப்புகளுக்கும், இனி வரப்போகும் எந்தக் கட்டுக்கும் மீன் ஏறக் கல் பதித்த சரிவே போதும்.

இதைச் சொன்னபோது பெரியவர் வலையை மடியில் வைத்துவிட்டு, அந்தச் சரிவு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கேட்டார். சிறு மீன் ஏற வேண்டுமென்றால் ஒரு மீட்டர் உயரத்துக்கு இருபது மீட்டர் நீளமாவது வேண்டும் என்றேன். கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தார். மூன்று மீட்டரென்றால் அறுபது. "அது பெரிய காணி இல்லை. சங்கத்தால கடிதம் போடலாம். ஆனால் எங்கட கடிதத்தை மட்டும் வைச்சு அசைய மாட்டினம், கமக்கார அமைப்பும் கையெழுத்து வைக்கோணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, மல்லாவியில் தன் மருமகன் வயல் செய்கிறான், அந்த அமைப்பில் அவனும் ஒரு ஆள், தைப்பொங்கலுக்கு இங்கே வருவான் என்றார். கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று ஒரு கடுதாசியில் குறித்துத் தரச் சொன்னார். குறித்துக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "மீன்" என்று தொடங்க வேண்டாம், "தண்ணி" என்று தொடங்குங்கள், அப்போதுதான் மருமகனும் கையெழுத்து வைப்பான் என்று திருத்தினார்.